சித்தி நடக்கிற பாதையில் நீ வைத்த விளக்குகள்

மகனே,

அன்புள்ள என்று ஆரம்பிக்கவில்லை. அன்பு இருக்கிறது, அது எங்கும் போய்விடாது. இன்றைக்கு அதை முதல் வார்த்தையாக வைக்க எனக்கு மனமில்லை.

இதை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். காரணம் உனக்கே தெரியும். நம் வீட்டுப் பாதையில் நடந்ததை நீ குடும்பக் குரூப்பில் போட்டாய், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். நான் பெயர்களையாவது மாற்றியிருக்கிறேன். அந்த மரியாதையைக்கூட நீ உன் சித்திக்குச் செய்யவில்லை.

விளக்கிலிருந்து தொடங்குகிறேன். நீயும் அதிலிருந்துதான் தொடங்கினாய்.

புரட்டாசி பிறந்ததும் பெட்டி வந்தது. வரும் என்று முந்தின நாள்தான் போனில் சொன்னாய். கேட்டிலிருந்து பின்கட்டு வரை கார் வரும் பாதைக்கு இரண்டு பக்கமும் நட்டுவைக்கிற சோலார் விளக்குகள். கேட்டுத் தூணுக்கு மட்டும் பெரிதாக ஒன்று, ஆள் வந்தால் தானாகப் பளீரென்று எரிவது. பெங்களூரில் உன் சோபாவில் படுத்துக்கொண்டு தேர்ந்தெடுத்திருக்கிறாய். வாங்கினவர்கள் எல்லாரும் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் என்றாய். என்ன நிறம் என்று கேட்டேன். “வெள்ளைதாம்மா, பளிச்சுன்னு இருக்கும்” என்றாய். அந்த வழியில் யார் நடக்கிறார்கள் என்று நீ கேட்கவில்லை. நட்சத்திரம் போட்டவர்கள் யாரும் நம் பாதையில் நடப்பவர்கள் அல்ல.

பாதுகாப்பு என்றாய். “ரெண்டு பேருக்கும் வயசாயிட்டு வருது, இருட்டுல விழுந்துரக் கூடாது” என்றாய். எந்த இடத்தில் எந்த விளக்கு என்று ஒரு படம் வரைந்து எலக்ட்ரீசியனுக்கு அனுப்பியிருந்தாய். வழி நெடுக விளக்கு. சமையலறைப் படியில், நான் உண்மையிலேயே தடுக்கி விழக்கூடிய ஒரே இடத்தில், ஒன்றும் இல்லை. போன பொங்கலுக்குப் பின்பக்கமாகக் காரை எடுத்தபோது கேட்டுத் தூணில் உரசினாயே, அந்தக் கீறலுக்குத்தான் நீ விளக்கு வாங்கினாய். அதைச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. காருக்கு வாங்கியதை என் முழங்காலின் பேரில் வாங்கினாய்.

எலக்ட்ரீசியன் வந்த அன்றே சொன்னார். “யம்மா, வேப்பமரத்து மூட்டுல வச்சா வெயில் படாது. கொஞ்சம் தள்ளி வைப்பமா?” நான் சரி என்றேன். அவர் போனைப் பார்த்தார். “இல்லம்மா, அண்ணன் அங்கனதான் வைக்கச் சொல்லிருக்காவ. ரெண்டு பக்கமும் சமமா இருக்கணுமாம்.” சமமாக இருக்கிறது. பாதி விளக்குகள் பொழுது சாயும்போதே மங்கிவிடுகின்றன, மீதிப் பாதி கண்ணைக் கூசவைக்கிறது. முதல் மழைக்கு ஈசல் மொய்த்தது. ஈசலுக்குத் தவளை வந்தது. தவளைக்கு எது வரும் என்று இங்கே வளர்ந்த உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் சின்ன விஷயம். இதற்காக யாரும் மகனுக்குக் கடிதம் எழுத மாட்டார்கள்.

தூணில் இருப்பது வெறும் விளக்கு இல்லை, அதில் கேமராவும் இருக்கிறது என்று என்னிடம் நீ சொல்லவில்லை. நடுவில் கறுப்பாக ஒரு வட்டம். ஆள் வருவதைக் கண்டுபிடிக்கிற பொருள் அதுதான் என்று நினைத்தேன். எலக்ட்ரீசியனும் நீயும் போனில் பேசி வீட்டு வைஃபையில் அதைச் சேர்த்திருக்கிறீர்கள். நான் அவருக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டில், எனக்குத் தெரியாமல், ஒரு கண்ணைத் திறந்துவைத்துவிட்டுப் போனாய். ‘அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது’. வாயால் நீ சொல்லவில்லை. செய்தாய்.

இனி அந்தப் பாதை.

நம் வீடு முன்னால். உன் சித்தப்பா வீடு பின்னால். உன் தாத்தா பாகம் பிரித்தபோது வழி இரண்டு வீட்டுக்கும் பொது என்றுதான் எழுதிவைத்தார். மண்பாதையாக இருந்தவரை அது யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. நீ கார் வாங்கினாய். உன் அப்பா வழி முழுக்க சிமெண்ட் போட்டார், தம்பியிடம் கேட்காமல். புதுக் கேட்டு வைத்தார், அதையும் கேட்காமல். அந்தத் தீபாவளிக்கு நீ காரைக் கொண்டுவந்து வழியின் நடுவில் நிறுத்தினாய். சித்தப்பாவின் ஸ்கூட்டர் வெளியே போக முடியவில்லை. அவர் வந்து நின்று, குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

“அண்ணாச்சி, ஒங்க மவன் காரு வருசத்துக்கு ரெண்டு தடவ வரும். நான் தெனமும் இதுலதான் நடக்கணும்.”

“நடக்கதுக்கு ஒன்ன யாருலே தடுத்தா? சுத்திப் போ.”

சுற்றிப் போ. அந்த ஒரு வார்த்தை. அதன் பிறகு அண்ணனும் தம்பியும் பேசவில்லை. நீ மறுநாள் காரை எடுத்துக்கொண்டு பெங்களூர் போய்விட்டாய். பெரியவர்கள் சண்டை என்று நினைத்திருப்பாய். நிறுத்திய கார் உன்னுடையது.

ஆனால் கோமதி வந்தாள்.

உன் சித்தி. நான் பாளையங்கோட்டைக்கு பஸ் பிடித்து வேலைக்குப் போன வருஷங்களில் உனக்குச் சோறு ஊட்டியவள். அவள் மடியில் நீ தூங்கிப்போவாய், நான் வந்து தூக்கினால் அழுவாய். கரண்டு போன ஒரு சாயங்காலம், புது டார்ச்சை வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவர் முகத்தில் எல்லாம் அடித்து விளையாடினாய். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு உன்னைத் திட்டினார்கள். சித்தி மட்டும் திட்டாமல் உன் கையைப் பிடித்து டார்ச்சைக் கீழே சாய்த்தாள். “ஏலே, காலுக்கு அடி. மூஞ்சிக்கு அடிக்காத. நடக்கவனுக்குத்தாம்லே வெளிச்சம், பாக்கவனுக்கு இல்ல.” உனக்கு நினைவிருக்காது. எனக்கு இந்த மாதம் முழுவதும் அது மட்டும்தான் நினைவிருக்கிறது.

சித்தப்பா சாயங்காலம் கோயிலுக்குப் போவார். போனதும் பொழுது மங்கும். கோமதி பைய பின்வீட்டு வாசலில் இறங்கி, பாதை ஓரமாகவே நடந்து, நம் சமையலறைப் படிக்கு வருவாள். நான் அந்த நேரத்தில் வெளி விளக்கைப் போட மாட்டேன். போட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. போடவில்லை, அவ்வளவுதான். படியில் உட்கார்ந்து பேசுவோம். அவள் வந்த சத்தம் கேட்டதும் உள்ளே உன் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார். அவள் சிரிப்பாள். “யக்கா, பெரியத்தான் சத்தத்தக் கூட்டுதாக பாருங்க. பேசுங்கட்டின்னு சொல்லுதாக.” அவர் ஒரு நாளும் என்னிடம் யார் வந்தது என்று கேட்டதில்லை. கோயில் நடை அடைத்த பிறகும் சித்தப்பா தெருமுனையில் யாருடனாவது நின்று பேசிவிட்டுத்தான் வருவார். வரும்போது கேட்டை வேண்டுமென்றே சத்தமாகத் திறப்பார். அந்தச் சத்தத்துக்குள் கோமதி எழுந்து போய்விடுவாள்.

எல்லாருக்கும் தெரியும். யாரும் பார்த்ததில்லை.

புரிகிறதா? இந்த வீட்டில் இரண்டு ஆண்களும் தங்கள் வீம்பைக் கீழே வைக்காமலேயே தங்கள் மனைவிகளைப் பேச விட்டார்கள். அதற்கு ஒரு மங்கிய பொழுது தேவைப்பட்டது. அதைத்தான் நீ பளிச்சென்று ஆக்கினாய்.

மீனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது உனக்குத் தெரியும். ஐப்பசியில். உன் தங்கைதான் அவள், சித்தப்பா மகள் என்று நீ சொல்லிப் பழகினாலும். மாப்பிள்ளை வீட்டில் எடுத்துக் கொடுத்த முகூர்த்தப் புடவைக்கு ஃபால்ஸ் வைத்துத் தைக்க வேண்டும். கடையில் கொடுக்க கோமதிக்கு மனசில்லை. “ஒங்க கையால தைச்சாத்தாங்க்கா எனக்கு ஆறும்” என்றாள். விளக்குகள் வைத்த மறுநாள் தூறல். அவள் தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, புடவைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வழக்கம்போல ஓரமாக நடந்து வந்தாள். தூணில் இருந்த விளக்கு பாதை முழுவதற்கும் பளீரென்று எரிந்தது.

தூணில் இருந்த கேமரா எடுத்து, நீ குரூப்பில் போட்ட வீடியோவை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவள் அப்படியே நின்றுவிடுகிறாள். கண் கூசுகிறது. பையை முந்தானைக்குள் மறைக்கிறாள். பிறகு கையைத் தூக்கி முகத்தை மூடுகிறாள். அவள் பிறந்ததிலிருந்து யாரிடமும் எதையும் திருடாதவள். உன் விளக்கு அவளைத் திருடிபோல நிற்கவைத்தது.

நீ குரூப்பில் எழுதினாய்: ‘நம்ம கேட்டுக்குள்ள யாரோ பையோட போறாங்க. லைட் சூப்பரா வேலை செய்யுது!’ கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

உனக்கு முகம் தெரியவில்லையாம். பிறகு சொன்னாய். உனக்குச் சோறு ஊட்டியவளை உனக்குத் தெரியவில்லை. வள்ளியூரில் இருக்கிற உன் அத்தைக்கு ஒரு நொடியில் தெரிந்தது. ‘ஏலே, இது நம்ம கோமதில்லா! என்னத்தட்டி ஒளிச்சுக் கொண்டு போறே, அண்ணன் வீட்டுக்கு?’ அதன் கீழே ஆள் ஆளுக்குச் சிரித்தார்கள். மதுரையில் இருந்து ஒருவர், துபாயில் இருந்து ஒருவர். சித்தப்பாவும் அந்தக் குரூப்பில் இருந்தார். அவர் வெளியேறினார் என்று மட்டும் ஒரு வரி வந்தது.

அன்று கோமதி வீடு போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில், பின்வீட்டில் பேசியது என் சமையலறை ஜன்னல் வரை கேட்டது. கேட்கட்டும் என்றே பேசியிருக்கலாம்.

“போணும்னா நேரா போயிருக்கணும். இல்ல போவாம இருந்திருக்கணும். இப்பம் துபாய் வரைக்கும் சிரிக்கானுவ.”

“நீங்க தெரியாத மாரிதான இருந்தீய இத்தன நாளும்?”

“இருந்தேன். யாரு இல்லன்னா? எல்லாரும் பாத்தாச்சே, இனி நான் எப்பிடிட்டி பாக்காத மாரி இருக்க?”

அவர் சொன்னது சரி.

மறுநாள் காலை சித்தப்பா பின்வேலியை வெட்டினார். அந்தப் பக்கம் வாய்க்கால் கரை. ஒரு ஆள் நடக்கிற அகலம். இப்போது அந்த வீட்டார் கடைக்கும் கோயிலுக்கும் அதில்தான் போகிறார்கள். உன் அப்பா சொன்னாரே, சுற்றிப் போ என்று. போகிறார்கள். ஸ்கூட்டர் தெருவில் வேறு யார் வீட்டு வாசலிலோ நிற்கிறது. பால்காரர் நேற்று சொன்னார். “யம்மா, பின்வீட்டு அண்ணாச்சி பொண்ணையும் வாய்க்கா கரை வழியாத்தான் மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போவேன்னு நிக்காவ. ஐப்பசி மழைல அதுல மாடே வழுக்கும்.” கல்யாணப் பெண். பட்டுப் புடவை. சேறு.

அந்தப் பட்டுப் புடவைதான் என் பீரோவில் இருக்கிறது. ஃபால்ஸ் தைத்து, மடித்து வைத்திருக்கிறேன். வாங்கிக்கொள்ள யாரும் வர முடியாது. கோமதி ஒரே ஒரு தடவை போன் செய்தாள். “யக்கா, நீங்க போன் பண்ணாதீய. புடவ அங்கனயே இருக்கட்டும். என்ன செய்யன்னு எனக்கே தெரியல.” வைத்துவிட்டாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் அது சின்னச் சத்தத்திலேயே ஓடுகிறது. கூட்டுவதற்குத் தேவை இல்லை.

உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய்?

“நான் என்னம்மா தப்பு செஞ்சேன்? செக்யூரிட்டிக்குத்தானே போட்டேன். அவங்க ஏன் ஒளிஞ்சு வரணும்? நேரா வந்தா என்ன?”

நேராக வந்தால் என்ன. எல்லாவற்றையும் நேராகச் செய்துவிடலாம் என்று நீ நினைக்கிறாய். நேராகச் செய்யச் சொல்பவர்கள் பெரும்பாலும் தள்ளி இருப்பவர்கள். நீ வருஷத்தில் சில நாள் வருகிறாய், யாரிடம் வேண்டுமானாலும் உண்மையைப் பேசிவிட்டு வண்டி ஏறலாம். மறுநாள் காலையில் ஒரே வாய்க்கால் தண்ணீரையும் ஒரே பால்காரரையும் ஒரே கோயில் வாசலையும் பங்கு போட்டுக்கொள்கிறவர்கள் அப்படிப் பேச முடியாது. கோமதி ஒளியவில்லை. அவள் இரண்டு ஆண்களின் மானத்தையும் மிதிக்காமல் ஓரமாக நடந்தாள். அதை ஒளிவது என்று நீ படித்த படிப்பு சொல்கிறது. நானும் படித்தவள்தான். நான் இதற்கு வேறு பெயர் வைப்பேன்.

நான் அவளை வரவிட்டது தப்பு என்றும், உன் அப்பாவிடம் மறைத்தது தப்பு என்றும் நான் சொல்வேன் என்று நீ எதிர்பார்ப்பாய்; இந்த மாதிரிக் கடிதங்களில் அம்மாக்கள் அப்படி ஒன்றைச் சொல்லிக் கண்ணைத் துடைப்பார்கள். நான் சொல்லப்போவதில்லை. அது நாங்கள் செய்த நல்ல காரியம்.

இதைப் படிக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அம்மா அப்பா வீட்டுப் பாதைக்கு சோலார் விளக்கு வாங்குவீர்கள், வாங்குங்கள். வாங்கும் முன் அந்தப் பாதையில் ஒரு வாரம் சாயங்காலம் நில்லுங்கள். நிற்க முடியாவிட்டால் போனில் கேளுங்கள்: யார் வருகிறார்கள், எந்தப் பக்கம் நடக்கிறார்கள், எந்தப் படியில் கால் தடுக்கும். முழங்கால் உயரத்துக்கு மேலே விளக்கு வேண்டாம். மேலே மூடி இருந்து வெளிச்சம் கீழே மட்டும் விழுகிறதா பாருங்கள். வெள்ளை வேண்டாம், மஞ்சள் போதும், பூச்சியும் குறையும். மரம் இருக்கிற வீடு என்றால் சோலார் தகடு தனியாக, ஒயரோடு வருவதை வாங்கி மாடியில் வெயிலில் வையுங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அதுவும் மங்கும், மங்கட்டும். பேட்டரி மாற்றக்கூடியதா என்று கேளுங்கள். வீட்டுக்குள்ளிருந்து அணைக்க ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். இது முக்கியம். அங்கே குடியிருப்பவர் நினைத்தால் அணைக்க முடியாத விளக்கை எவர் வீட்டிலும் வைக்காதீர்கள். கேமரா வைப்பதாக இருந்தால், வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வையுங்கள். காலுக்கு அடி, மூஞ்சிக்கு அடிக்காதே. கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

நீ இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்பாய். கழற்றச் சொல்லட்டுமா என்பாய், உட்கார்ந்த இடத்திலிருந்தே எலக்ட்ரீசியனுக்கு இன்னொரு படம் அனுப்புவாய். வேண்டாம். நீ வா. காரைக் கொண்டுவராதே. பஸ்ஸில் வந்து இறங்கி, கேட்டிலிருந்து பின்வீடு வரைக்கும் உன் காலால் நட. சித்தப்பா திட்டுவார், வாங்கிக்கொள். சித்தி திட்ட மாட்டாள். அதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கும். இருக்க வேண்டும்.

இவ்வளவும் எழுதும்போது பொழுது மங்கிவிட்டது. ஜன்னலில் பார்க்கிறேன். உன் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன. வேப்பமரத்தடியில் இருப்பவை எரிந்தும் எரியாமலும். தூணில் இருப்பது யாருக்காகவோ காத்திருக்கிறது.

பீரோவைத் திறந்து புடவையை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தேன். பக்கத்தில் மஞ்சள், குங்குமம், கொஞ்சம் பிச்சிப்பூ. கோமதி இருட்டில் கொண்டுவந்ததை நான் உன் வெளிச்சத்திலேயே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். ஓரமாக இல்லை. முதலில் கேட்டுக்குப் போய் அந்தத் தூணுக்கு நேர் கீழே நின்று நிமிர்ந்து பார்ப்பேன். முகத்தை மூட மாட்டேன். அங்கிருந்து திரும்பி, பாதையின் நடுவில், பின்வீட்டு வாசல் வரை நடப்பேன். மீனா இந்த வழியாகத்தான் மண்டபத்துக்குப் போக வேண்டும் என்று வாசலில் நின்று சொல்வேன். சித்தப்பா இன்று கோயிலுக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறார். கதவைத் திறப்பாரா, தெரியாது. திறக்காவிட்டால் படியில் உட்கார்ந்திருப்பேன். எல்லாரும் பார்த்தாகிவிட்டது என்றாரே. சரி, பார்க்கட்டும்.

நல்லபடியாக முடிந்தால் அது உன் விளக்கால் முடிந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. கேமரா என்னைக் கண்டதும் உன் போனில் மணி அடிக்கும், எடுத்துப் பார்ப்பாய். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிரு. உனக்கு நான் சொல்லும் புத்தி அவ்வளவுதான்.

சமையலறைக் கதவைத் திறந்துவிட்டுத் தாம்பாளத்தை எடுக்க வந்தேன். கூடத்தில் டிவி சத்தம் கூடும் என்று நினைத்தேன். கூடவில்லை. நின்றுவிட்டது. நாற்காலி நகர்கிறது.

“ஏளா,” என்கிறார் உன் அப்பா, “எஞ் செருப்பு எங்கன கெடக்கு?”